நாடக சிகிச்சை: வெள்ளத்துக்குப் பிறகு நான் போன குழு

நடிப்பு, விளையாட்டு வழியாக மனக்காயத்தை ஆற்றுகிற நாடக சிகிச்சைக்குப் போகிறேன் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நடந்ததை அப்படியே நடிச்சுக் காட்டச் சொல்வாங்களா?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அங்கே வெகுநாள் வரை வெள்ளம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் வீடு சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய தெருவில். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஆற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. அன்று ராத்திரி தெரிந்ததெல்லாம் படிக்கட்டில் ஏறி வந்த தண்ணீர், அப்பாவை நாற்காலியோடு மொட்டைமாடிக்குத் தூக்கியது, கீழ்வீட்டு அக்கா கூப்பிட்ட குரல். அக்கா பிழைக்கவில்லை. அதற்கப்புறம் மழை என்றாலே தூக்கம் போய்விடும், தகரத்தில் சொட்டுகிற சத்தத்துக்கே நெஞ்சு அடைக்கும். மாத்திரை எழுதிக்கொடுத்த மனநல மருத்துவர்தான், அதை நிறுத்தாமல் இந்தக் குழுவுக்கும் போய்வரச் சொன்னார்.

சேர்வதற்கு முன் தெரபிஸ்ட் மேடம் தனியாகப் பேசினார். என்ன மருந்து, தூக்கம் எப்படி, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா, வீட்டில் யார் துணை என்று கேட்டுவிட்டு, "எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம். ஏன்னு கேக்க மாட்டோம்" என்றார். ஆரம்பத்தில் வெறும் விளையாட்டு. ஒரு துண்டைக் கைக்குழந்தையாக ஏந்தி ஒருவர் தருவார், வாங்குகிறவர் அதையே கெண்டை மீனாக்கி அடுத்தவரிடம் தள்ளுவார். இதற்கா லீவு போட்டு வந்தோம் என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

பிறகு ஒருநாள் மழை விளையாட்டு. நாடகப் பட்டறைகளில் வழக்கமானதுதான். வட்டமாக உட்கார்ந்து உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டுவது, அப்புறம் இரண்டு விரல், அப்புறம் தொடையில், கடைசியில் காலால் தரையில். கேட்டால் அசல் மழை. மேடம் முன்கூட்டியே என்னிடம் கேட்டுத்தான் செய்தார், இருந்தும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. "நீங்களே நடத்துங்க. கையைத் தூக்கினா வலுக்கும், இறக்கினா விட்டுடும்" என்றார். இடுப்புவரைகூடத் தூக்கவில்லை, படக்கென்று இறக்கிவிட்டேன். சத்தம் நின்றது. மறுபடி தூக்கினேன், மறுபடி நின்றது. கடைசியில் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் கால் வலிக்கத் தட்டவைத்தேன். "போதும் விடுங்க சார்" என்று ஒருவர் கெஞ்ச, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைச் சத்தத்தில் சிரித்தது எத்தனையோ வருஷம் கழித்து.

அந்த ராத்திரியைத் தொட்டது அதற்கெல்லாம் பிறகுதான். அப்போதும் நான் நடிக்கவில்லை. எனக்குப் பதில் ஒரு வங்கி ஊழியர் 'நான்' ஆனார். மேடம் பக்கத்தில் நின்று தள்ளியிருந்து பார்த்தேன். வெளியே நின்று பார்க்கும்போதுதான், அந்த 'நான்' கை இரண்டிலும் அப்பா இருப்பது கண்ணில் பட்டது. இன்னொரு நாள் அக்காவுக்கு ஒரு காலி நாற்காலி போட்டார்கள். பேசச் சொன்னார்கள், பேசினேன். பிறகு நானே அதில் உட்கார்ந்து அக்காவாகப் பதில் சொல்ல வேண்டும். மன்னிப்பு மாதிரி எதுவும் வரவில்லை. "நீச்சலும் தெரியாது, கரன்ட்டும் இல்ல, இறங்கி வந்து என்னத்த கிழிச்சிருப்ப?" என்று திட்டுதான் வந்தது. அக்கா அப்படித்தான் பேசுவார்.

காலி நாற்காலி, இடம் மாறிப் பேசுவது எல்லாம் 1920களில் வியன்னாவில் நாடகத்தோடு பரிசோதனைகள் செய்த மொரேனோ என்ற மருத்துவரின் வழியில் வந்தவை. எனக்கு அவற்றைவிடப் பிடித்தது முடிக்கும் விதம். என் வேஷம் போட்டவர் உடம்பை உதறி, தன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். சுற்றியிருப்பவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. தங்களுக்குள் எது கிளறியது என்று மட்டும் சொல்லலாம். நம் ஊரில் இந்த ஒரு விதியே பாதி வைத்தியம்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. எங்களோடு சேர்ந்த ஒரு பெண் பாதியில் நின்றுவிட்டார். தனி ஆலோசனைக்கு மேடமே ஏற்பாடு செய்து கொடுத்தார். குழு தேடுகிறவர்கள் நடத்துகிறவருக்கு மனநலப் பயிற்சி உண்டா, இடையில் நிலைமை மோசமானால் யாரிடம் அனுப்புவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே "எல்லாத்தையும் கொட்டி அழுதுடுங்க" என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.