உவரி மணலும் மணப்பாடு காற்றும்

உவரி சுயம்புலிங்க சுவாமிக்கு அத்தையின் நேர்த்திக்கடன். கடலில் குளித்து, ஓலைப்பெட்டியில் ஈர மணலை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும். மொத்தம் 11 பெட்டி. மூன்றாவது நடையிலேயே என்னைப் பார்த்து, "ஏல, சும்மா நிக்காத, நீயும் ஒரு பெட்டி அள்ளுல" என்றாள். கழுத்து இன்னும் வலிக்கிறது.

அப்புறம் பக்கத்திலேயே கப்பல் மாதா கோயில். கப்பல் வடிவக் கட்டடம், அதன் தலையில் ஒரு ஆகாய விமானம்! அத்தை அங்கேயும் மெழுகுவத்தி ஏற்றினாள்.

திரும்பும் வழியில் மணப்பாடு. 1542இல் கிறிஸ்தவ மதப் போதகர் புனித சவேரியார் வந்த ஊர். கடலோரக் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கிய குகை. மேலே நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. எனக்கு உவரியைவிட இதுதான் பிடித்தது. அத்தையிடம் சொல்லவில்லை.