மூணுக்கு நாலு

நவம்பர் 6
மணலி ரோட்டில் டேங்கர் லாரி வரிசை. எஃகு சோதிக்கும் எங்கள் லேப் திறக்கவே பத்தரை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 7
ஒயர்கட்டிலிருந்து, அதாவது மின்கம்பியால் உலோகம் அறுக்கும் இடத்திலிருந்து, சோதனைத் துண்டுகள் வந்தன, 9 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு. 3-க்கு 4, நீளம் 27 மில்லிமீட்டர். உள்ளங்கையில் கொட்டினால் ஏதோ பூட்டின் உதிரிபாகம் என்றுதான் நினைப்பார்கள். சார்ப்பி சோதனை என்றால் பெண்டுலச் சுத்தியலால் அடித்து உடைத்து, துண்டு எவ்வளவு ஆற்றல் வாங்குகிறது என்று பார்ப்பது. அதற்கு வழக்கமான துண்டு 10-க்கு 10-க்கு 55. அதன் கனஅளவில் 17-ல் ஒரு பங்குதான் இது. அணு உலைக்குள் கதிர்வீச்சு வாங்க வைக்கும் குப்பியில் இடம் கொஞ்சம், அதனால்தான் இவ்வளவு சின்னது. நம் மேஜைக்கு வருவது கதிர் படாதது மட்டும். பட்டதைத் தொட, தடித்த சுவருக்குப் பின்னால் இயந்திரக் கையால் வேலை செய்யும் ஹாட் செல் வேண்டும்.

துண்டு உடைவதற்காகப் போட்ட V வெட்டு, அந்த நாட்ச்சைப் பார்த்தே கண் பூத்துவிட்டது. ஆழம் 1, கோணம் 60 டிகிரி, அடி ஆரம் 0.1. புரொஜெக்டர் திரையில் ஒன்றின் அடியில் பிசிறு தெரிந்தது. ஒதுக்கி வைத்தேன்.

நவம்பர் 9
அப்பா இன்று கொஞ்சம் கஞ்சி குடித்தார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர், சும்மா இருக்க மாட்டார். "ஏம்பா, உடைஞ்சா பாஸா, உடையாட்டி பாஸா?" எப்படி உடைகிறது என்பதுதான் விஷயம் என்றேன். குளிரில் பளபளவென்று உடைந்தால் ஆபத்து, மங்கலாக நார்நாராகக் கிழிந்தால் நல்லது. நியூட்ரான் பட்டால் எஃகு நொறுங்க ஆரம்பிக்கும் வெப்பநிலை மேலே ஏறிவிடும், எவ்வளவு ஏறியது என்றுதான் தேடுகிறார்கள். "அப்ப வயசான ஆளு மாதிரி"ன்னார். நான் பேச்சை மாற்றினேன்.

நவம்பர் 10
போன் பண்ணினேன். நாளைக்குச் சொல்றாங்களாம்.

நவம்பர் 12
குளிர் ஓட்டம். டெவார் குடுவையிலிருந்த திரவ நைட்ரஜனைச் சாய்த்ததும் தரையெல்லாம் புகை. துண்டுகளை ஆல்கஹால் குளியலில் ஊறவைத்து, இடுக்கியையும் அதிலேயே குளிரவிட்டோம். பெரிய துண்டுக்கு வெளியே எடுத்து 5 வினாடிக்குள் அடிக்க வேண்டும். இதற்கு அதுவே அதிகம், மெல்லிசாக இருப்பதால் கையிலேயே சூடேறிவிடும். லேபில் கூட வேலை பார்க்கும் தம்பி கை நடுங்காமல் வைத்தான். அடிக்கிற சத்தம்கூட பெரிசாக இல்லை, டிக் என்றது. பெண்டுலத்தின் உராய்வு இழப்பைத் தினம் காலையில் வெறும் வீச்சு விட்டுப் பார்க்கிறேன். துண்டு வாங்கும் ஆற்றலே ஒற்றை இலக்க ஜூல், அதில் இந்த இழப்பே கணக்கைக் கெடுத்துவிடும்.

நவம்பர் 14
தூக்கமே இல்லை. ஒரே கம்பி, ஒரே வெப்பநிலை. ஒன்று மங்கலாகக் கிழிந்தது, அடுத்தது சர்க்கரை போல மினுங்கி இரண்டானது.

அதைவிட உறுத்துவது வேறு. சின்னத் துண்டு பொதுவாகவே எஃகைக் கொஞ்சம் நல்லதாகக் காட்டும். தடிமன் குறைவு, நாட்ச் அடியில் இறுக்கம் குறைவு, அதனால் உடையாமல் நெளிய இடம் கிடைக்கும். அதோடு, எஃகுக்குள் பலவீனமான கார்பைடுத் துகள் எங்கோ ஒரு மூலையில் இருந்தால், இத்தனூண்டு துண்டில் அது சிக்காமலே போகலாம். ஆகவே நொறுங்க ஆரம்பிக்கும் அந்த மாற்ற வெப்பநிலை பெரிய துண்டில் வருவதைவிடக் கீழே வரும். திருத்தம் போட வேண்டும், எல்லாரும் போடுகிறார்கள், சரி.

அப்பாவுக்குப் பரிசோதனைக்காக ஊசி விட்டு எடுத்த சதை எத்தனை மில்லிமீட்டர் என்று டாக்டரிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நவம்பர் 15
மழை. கரண்ட் இல்லை. குளியல் சூடேறிப் போச்சு.

நவம்பர் 18
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கும்போது போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம், நேரில் வரச் சொல்கிறார்கள். மைனஸ் 80-க்கு இன்னும் மூன்று துண்டு பாக்கி. தம்பியையே முடிக்கச் சொல்லிவிட்டேன். நாட்ச் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க...