அப்பளப் பலகையும் 1330 குறளும்

ஜூன் 9, 2024, ஞாயிறு, கல்லிடைக்குறிச்சி

நேற்றும் இன்றும் பாளையங்கோட்டையில் நடந்த நினைவாற்றல் பயிற்சி வகுப்புக்கு மகளை அழைத்துப் போய் வந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் இவள், தமிழ் வளர்ச்சித் துறை பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் திருக்குறள் முற்றோதலில் கலந்துகொண்டே தீர வேண்டும் என்று நிற்கிறாள். 1330 குறளையும் வரிசையாக ஒப்பித்தால் மட்டும் போதாது. அதிகாரத்தின் பெயரையோ குறளின் எண்ணையோ சொன்னால் அதற்குரிய குறளை உடனே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் மூன்றாண்டுகளாகப் பெயர்களும் கணக்குகளும் நழுவிக்கொண்டிருப்பதால், ஒருவருக்கு 3,500 ரூபாய் கட்டி இருவருமே சேர்ந்தோம்.

இரண்டு நாளில் முக்கால்வாசி நேரம், வரிகளின் மேல் விரலை ஓட்டி, நிமிடத்துக்கு எத்தனை பக்கம் புரள்கிறது என்று எண்ணுவதிலேயே போய்விட்டது. மூன்றாம் சுற்றில் மகள் நிமிடத்துக்கு நான்கு பக்கம் என்று பெயர் வாங்கினாள். பேருந்தில் வரும்போது, படித்த பக்கங்களிலிருந்து ஒரு செய்தியைச் சொல் என்றேன். அவளால் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. குறளுக்கு ஏழே சீர். அதை வேகமாகக் கடந்து என்ன ஆகப்போகிறது? பணம் போனதைவிட, குழந்தை "எனக்கு மூளை போதாது போல" என்று சொன்னதுதான் மனத்தை அறுக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

அத்தைக்கு வயது 78. அபிராமி அந்தாதியின் நூறு பாடலையும் விளக்கேற்றும் நேரத்தில் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிடுவார்கள். இன்று மகள் அவர்களிடம் போய், "ஆச்சி, 57ஆவது பாட்டு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"நடுவுல கேட்டா எப்படிளா சொல்லுவேன்? மொதல்ல இருந்து வந்தாத்தான வரும்" என்றார்கள் அத்தை.

அந்தப் பதில் எனக்கு இரவு முழுதும் வேலை கொடுத்தது. ஒரு பாடலின் கடைசிச் சொல் அடுத்த பாடலின் முதற்சொல்லாவதும், நூறாவது பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தோடு போய்ச் சேருவதும் அழகுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல என்றே நினைக்கிறேன். ஏடு கையில் இல்லாதவரும் வழி தவறாமல் போய்வருவதற்குக் கட்டிய கைப்பிடிச் சுவர் அது. குறளுக்கு அந்தச் சுவர் கிடையாது. பத்துக் குறளும் ஒரே பொருளைப் பேசினாலும், ஒன்றன் முடிவு அடுத்ததன் தொடக்கத்தைத் தருவதில்லை. குறளுக்குள்ளே மட்டும் எதுகை இருக்கிறது: 'கற்க' என்று முதலடி எழுந்தால் 'நிற்க' என்று இரண்டாமடி தானே வந்து நிற்கும். ஆகவே ஓரடியிலிருந்து மறு அடிக்குப் போவது எளிது. ஒரு குறளிலிருந்து மறு குறளுக்குப் போவதுதான் கடினம். நாங்கள் வழி போட வேண்டிய இடம் எதுவென்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 17, திங்கள்

இன்று தொடங்கிவிட்டோம். நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 133 நாள்.

எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டு மிச்சத்தோடு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண். நீக்கிய இலக்கம் அதிகாரத்துக்குள் அதன் வரிசை. 786 என்றால் 79ஆம் அதிகாரமான நட்பில் ஆறாவது. கடைசியில் சுழியம் வந்தால் ஒன்றைக் கூட்டக் கூடாது; 400 என்பது 40ஆம் அதிகாரமான கல்வியின் பத்தாவது. இந்த ஒரு கணக்கு 1330 எண்களை, 133 பெயர்களும் பத்து இடங்களுமாகச் சுருக்கிவிட்டது.

ஜூலை 3, புதன்

அந்த வகுப்பில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்று உண்டு. அதை அரைமணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். விருந்து மண்டபம் இடிந்து விழுந்தபோது, யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை நினைவில் கொண்டே உடல்களை அடையாளம் காட்டினாராம் சைமனிடிஸ் என்ற கிரேக்கக் கவிஞர். நினைவில் நிறுத்த வேண்டியவற்றைப் பழகிய இடங்களில் வரிசையாக வைத்துவிட்டு, மனத்தால் நடந்து போய் எடுப்பது அந்த முறை.

முதலில் எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டோம். வாசல் நடை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று போய்ப் புறவாசல் கிணற்றில் முடியும் பத்து இடங்கள். நான்கு அதிகாரம் வரை நன்றாக நடந்தது. பிறகு தார்சாவில் வான்சிறப்பின் குறளும் இல்வாழ்க்கையின் குறளும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு இரண்டுமே மங்கிப்போயின. ஒரே இடத்தில் பலவற்றை வைத்தால் பழையது புதியதை மறைக்கும். இன்று 17 அதிகாரம் முடித்திருக்க வேண்டிய கணக்கில், உறுதியாகத் தெரிவது எட்டுதான்.

ஜூலை 21, ஞாயிறு

ஐந்து அப்பளத் தகர டப்பாக்களைத் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறேன். செபஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய முறை இது. அட்டையின் ஒருபுறம் குறளின் எண், மறுபுறம் குறள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். முதல் டப்பா தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது நான்கு நாளுக்கு ஒருமுறை, நான்காவது பத்து நாளுக்கு, ஐந்தாவது மாதத்துக்கு ஒருமுறை என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம்.

இதன் அடியில் இருப்பது இன்னும் பழைய கண்டுபிடிப்பு. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில் செங்குத்தாக விழுகிறது. பிறகு மெல்ல மெல்லத்தான் சரிகிறது. பொருளுள்ள கவிதையை மனப்பாடம் செய்ய அவருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமானதாக இருந்தது. இதைப் படித்த அன்றே, பொருள் விளங்காத குறளுக்கு அட்டை எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அப்பளம் இடும் வேலை நேரமே படிப்பு நேரமாகிவிட்டது. பிரண்டைச் சாறு விட்டு இடித்த உளுந்து மாவை நீளமாக உருட்டி, நூலால் வில்லைகளாக அறுத்து வைத்துக்கொள்கிறேன். எண்ணெய் தொட்ட கையால் அட்டையைத் தொட முடியாது என்பதால், மகள் எதிரே அமர்ந்து எண்ணை மட்டும் சொல்வாள். குழவி வில்லையின் மேல் போய்த் திரும்பி, அப்பளம் உள்ளங்கை அளவிலிருந்து பலகை அளவுக்கு விரிவதற்குள் நான் குறளைச் சொல்லிவிட வேண்டும். வராவிட்டாலும் அவள் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டாள். அப்பளத்தை எடுத்து முறத்தில் போடும் வரை காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பில் நெற்றி வலிக்கும். ஆனால் அப்படித் தவித்து எடுத்த குறள் மறுவாரம் தவறுவதேயில்லை. ஐந்தாறு முறை திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத் தெரிந்துவிட்டது என்று மூடிய குறள்தான் மறுநாளே காணாமல் போகிறது.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். திண்ணைப் பள்ளியில் தினமும் ஒப்பிக்கச் சொன்னவர்களைப் பற்றி நாம் எவ்வளவு இளக்காரமாகப் பேசியிருக்கிறோம் என்று வருத்தமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீட்டுக்குப் பதிலாக ரயில் பாதையை எடுத்துக்கொண்டது மகளின் யோசனை. செங்கோட்டை வண்டியில் ஏறினால், திருநெல்வேலி சந்திப்பு, டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி வரை சரியாகப் பத்து நிலையங்கள். வீட்டில் பட்ட பாடு இங்கும் வந்துவிடாமலிருக்க, இதைத் தடுமாறும் குறள்களுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

கல்வி அதிகாரத்தின் ஏழாவது குறளில் எதுகை கிடையாது. 'யாதானும்' என்று தொடங்கினால் 'சாந்துணையும்' என்பதை இழுத்துவர எந்த ஒலியும் இல்லை. இருவருமே பன்னிரண்டு நாள் அதில் இடறினோம். ஏழாவது நிலையம் எங்கள் கல்லிடைக்குறிச்சி. கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடாகும், எந்த ஊரும் தன் ஊராகும் என்று பேசும் குறள் எங்கள் ஊரிலேயே இறங்குகிறது என்று அவள் சொன்ன கணத்திலிருந்து அது தவறவில்லை.

இன்னொரு சிக்கல், 355ஆம் குறளும் 423ஆம் குறளும். இரண்டும் 'எப்பொருள்' என்று தொடங்கி, 'அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்று ஒரே மாதிரி முடிகின்றன, நடுவில்தான் வேறுபாடு. மெய்யுணர்தலின் ஐந்தாவது காருக்குறிச்சியில் நிற்கிறது. அங்கே சக்கரத்தில் சுற்றும் பானையைப் பார்த்து, எத்தன்மைத்தாயினும் அடியில் இருப்பது மண் என்று நினைத்துக்கொள்கிறோம். அறிவுடைமையின் மூன்றாவது பேட்டையில். அங்கே கூட்டத்தில் யார் யாரோ பேசும் பேச்சு காதில் விழுகிறது. இந்த இரண்டு குறளுக்குமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. போனாலும் குறையில்லை, ஏனென்றால் பொருளின் தன்மையைப் பற்றிச் சொல்வது ஒன்று, சொல்பவரைப் பற்றிச் சொல்வது மற்றொன்று என்ற வேறுபாடு, நாற்பது வயது கடந்த எனக்கு இன்றுதான் விளங்கியது.

செப்டம்பர் 22, ஞாயிறு

கல்யாண ஆர்டர்கள். புதிய அதிகாரம் எதுவும் இல்லை, டப்பாக்கள் மட்டும் நகர்ந்தன.

இரவு மகளுக்கு, நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றிச் சொன்னேன். 1907இல் சென்னையில் ஒரே அவையில் நூறு விதக் கேள்விகளையும் வேலைகளையும் நினைவில் தாங்கிச் சதாவதானம் செய்து காட்டியவர். "அவருக்கும் டப்பா இருந்திருக்குமா அம்மா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அக்டோபர் 25, வெள்ளி

பள்ளியில் தமிழாசிரியை இன்று அறத்துப்பால் 380 குறளுக்கும் ஒத்திகை வைத்தார்கள். என்னையும் உடனிருக்க அனுமதித்தார்கள். எண்ணைச் சொல்லிக் கேட்டவை எல்லாம் வந்தன. முதற்சொல் கொடுத்துக் கேட்டவையும் வந்தன. கடைசியாக, "'உலகு' என்று முடியும் குறள்களைச் சொல்லும்மா" என்றார்கள். மகள் முதற்குறளைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். நீத்தார் பெருமையில் 23ஆம் குறளும் 27ஆம் குறளும் அப்படித்தான் முடிகின்றன. இரண்டும் ஐந்தாம் டப்பாவில் இருப்பவை, எண்ணைச் சொன்னால் தூக்கத்திலும் சொல்லக்கூடியவை. வாசலிலிருந்து போகும் வழியைத்தான் நாங்கள் பழகியிருக்கிறோம். புறவாசலிலிருந்து உள்ளே வரும் வழியைப் பழகவில்லை. 57ஆவது பாட்டைக் கேட்டபோது அத்தை நின்ற இடத்தில்தான் இன்று இவளும் நின்றாள்.

வீடு வரும் வரை அவள் பேசவில்லை. கை கால் கழுவிவிட்டுத் தானாகவே பச்சை மையை எடுத்து, பழைய அட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் முகப்பில் இட்டுப் புதிய அட்டைகள் எழுதத் தொடங்கினாள். இரவு பத்து மணிக்கு 46 அட்டைகள் ஆகியிருந்தன. எல்லாம் முதல் டப்பாவில். காலையில் 200 அப்பளம் இட வேண்டும். மாவை இன்றே பிசைந்து மூடி வைத்துவிட்டேன்.