பன்னிரண்டரைக்குத் திரும்பியது

"இன்னொரு தடவை வருவேனான்னு தெரியாது தம்பி" என்றார் பெரியவர். நீலகிரியில் அவலாஞ்சி மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி நான். மணி 12.35. நாங்கள் ஏறிச் சேர வேண்டிய மேல்பாறை கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. "இல்லைங்க ஐயா, திரும்பணும்" என்று சொல்லிவிட்டேன். அன்று மிஸ்ட், அதாவது மூடுபனி, இறங்கவே இல்லை. நாலு மணிக்குக் கீழே நுழைவு கேட்டுக்கு வந்தபோதும் அவலாஞ்சி வானம் பளிச்சென்று இருந்தது.

பன்னிரண்டரைக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் தவறில்லை. எட்டு மணிக்குக் கிளம்பினால் ஏரிக்கரை, சோலைக்காடு, புல்வெளி என்று ஏற நாலரை மணி நேரம். இறங்க மூன்று போதும் என்பார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்தாலே ஏறின நேரம் இறங்கவும் ஆகும். டிசம்பரில் சூரியன் விழ ஆறு மணி ஆகும். சோலைக்குள்ளோ ஐந்துக்கே கால் வைக்கும் இடம் தெரியாது. இலைச்சருகுக்கு அடியில் வேர் குறுக்கே கிடக்கும்.

அதைவிட எனக்குப் பயம் கடைசியில் வரும் ஏரிக்கரைதான். குந்தா மின்திட்டத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க ஏரி கீழே போகும். நீர் விலகின பாறையில் மெல்லிய சேறு பூசியிருக்கும். காய்ந்தால் மாவு, ஈரம் பட்டால் சோப்பு. பாறை இடுக்கில் வெடிப்பு விட்டுக் காய்ந்த சேறு தரை போலத் தெரியும். மேலே ஓடு மட்டும்தான் கெட்டி, மிதித்தால் முழங்கால் வரை இழுக்கும். கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு, பாதம் முழுக்கப் பதிய, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். குதிகாலை முதலில் வைப்பவர்தான் விழுவார். வெளிச்சத்தில் இது முக்கால் மணி நேர வேலை. மிஸ்டில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று நாங்கள் இருந்தாலும் நடுவில் போகிறவர் விலகிவிடுவார். சாயங்காலம் காட்டுமாடு தண்ணீருக்கு இறங்கும் கரையும் அதுவே.

இதெல்லாம் சரி. ஆனால் கூட வந்த இன்னொரு வழிகாட்டி அண்ணன் "மேற்கே தெளிவாத்தானே இருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். கேட்காத மாதிரி நடந்தேன். பன்னிரண்டு பேருக்கு நாங்கள் இரண்டே பேர். ஒருவர் பெரியவரோடு மேலே போனால் மற்ற பதினொரு பேருக்குப் பின்காவல் இல்லை. அதனால்தான் பிரிக்கவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். கடிகாரத்தைப் பார்த்த அளவுக்கு அன்று நான் வானத்தைப் பார்த்தேனா என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

காலையில் ஏரிக்கரையில் போட்டோவுக்கு இருபது நிமிடம் நின்றார்கள். அப்போதே "இந்த இருபது நிமிஷம் மேலே குறையும்" என்று சொல்லியிருந்தால் பெரியவரே வேகமாக நடந்திருப்பார். இப்போது திரும்பும் நேரத்தைக் கேட்டிலேயே சொல்லிவிடுகிறேன். 12.30 என்று சொல்லிவிட்டு மனதுக்குள் 12.50 வைத்துக்கொள்கிறேன். அந்த இருபது நிமிடம் என்றைக்காவது ஏரிக்கரையில் கேட்கும் என்று தெரிந்தும்தான் வைக்கிறேன்.

பெரியவர் அங்கிருந்த காட்டுப்பூவரசு மரத்தில் கையை வைத்தபடி பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கினார். ஏரிக்கரையில் மூன்று பேர் வழுக்கினார்கள். அவர் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.