ரயருக்கும் பெயரிங்குக்கும் யார் பணம் தருவார்?

வட இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள விசுவமடுவில் சக்கர நாற்காலிகளையும் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டிகளையும் பழுதுபார்த்துக் கொடுக்கும் சிறிய அமைப்பொன்றை நாங்கள் ஏழு பேர் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. வன்னியின் வேறு ஊர்களில் இதுபோன்ற முயற்சிகளைத் தொடங்க எண்ணும் இளையவர்கள் முதலில் கேட்பது, பணத்துக்கு என்ன செய்தீர்கள் என்பதைத்தான். அதற்கான விடையை ஆறுதலாக எழுதி வைக்க வேண்டும் என்று பல நாள்களாக நினைத்திருந்தேன்.

2009 இல் போர் முடிந்து, மக்கள் மீளக் குடியேறிய ஆண்டுகளில் எங்கள் பகுதிக்குச் சக்கர நாற்காலிகள் நிறையவே வந்தன. அவை மணலிலும் கிறவல் வீதியிலும் உருண்டு, முன் சில்லின் பெயரிங் இறுகி, ரயர் வெடித்து, ஒவ்வொன்றாக வீட்டு மாமரத்தடியில் ஒதுங்கின. புதிய நாற்காலி வாங்கித் தர ஒருவரைத் தேடினால் கிடைப்பார். பழைய நாற்காலிக்கு ஒரு பெயரிங் போட, அதைப் போடுபவர் புதுக்குடியிருப்பிலிருந்து வந்து போகும் பெற்றோலுக்குப் பணம் தர ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பணத்தைத் தேடும் முன்பே, எவ்வகைப் பணம் எங்களுக்குப் பயன்படும் என்பதை நாங்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது: எந்தச் செலவுத் தலைப்பும் ஒட்டப்படாத, சிறிய, தவறாமல் வரும் பணம்.

முதல் ஆண்டில் எந்த நிறுவனத்துக்கும் செயற்றிட்ட முன்மொழிவு அனுப்புவதில்லை என்ற முடிவை நான்தான் வற்புறுத்தினேன். முன்னர் நான் களப்பணியாளராக இருந்த ஓர் அமைப்பில், ஒப்பந்தம் முடிந்த மாதத்திலேயே அலுவலகம் பூட்டப்பட்டு வாகனமும் எடுத்துச் செல்லப்பட்டது. அடுத்த கிழமை வருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்த வீடுகளுக்கு என்னால் போக முடியவில்லை. அந்த வீடுகளின் வாசல்களை இன்றும் நான் தயக்கத்தோடுதான் கடக்கிறேன். 2025 தை மாதத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, ஒரே கொடையாளரை நம்பியிருந்த உள்ளூர் அமைப்புகளுக்கு என்ன நேரும் என்பதை உலகம் முழுவதும் கண்டது. அதற்கு முன்னரே, 2022 இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியபோது, ரயர், ரியூப் போன்ற இறக்குமதிப் பொருள்களை வைத்து ரூபாயில் போட்ட வரவு செலவுத் திட்டம் எதுவும் நிலைக்கவில்லை. தொடக்க நிலையில் இருக்கும் ஓர் அமைப்பு இத்தகைய அடியைத் தாங்காது. அதனால், ஒரே இடத்திலிருந்து வரும் தொகை ஆண்டு வரவின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது என்று எங்கள் அமைப்பு விதிகளான யாப்பிலேயே எழுதிக்கொண்டோம்.

மாதச் சந்தாவைத் தொடங்கக் காரணமானவர் எங்கள் பொருளாளர். அவர் இருபது ஆண்டுகளாக ஊரில் சீட்டுப் பிடித்து வரும் அம்மா. இடப்பெயர்வுக்குப் பின்னரும் ஒருவருடைய பணமும் குறையாமல் கணக்குத் தீர்த்தவர் என்று ஊர் அவரைச் சொல்லும். முதல் கூட்டத்தில் நான் பெரிய தொகைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “தம்பி, காசு பெரிசா வாறது முக்கியமில்லை, திகதிக்கு வரோணும்.” மாதம் 200 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதி, வீட்டுக்கே சென்று பற்றுச்சீட்டுக் கொடுத்து வாங்குவது என்று அவரே ஒழுங்குசெய்தார். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், முச்சக்கர வண்டிச் சாரதிகள் ஆகியோரோடு, நாங்கள் நாற்காலி திருத்திக் கொடுத்த வீட்டார் சிலரும் தாமாகவே சேர்ந்தனர். அவர்களிடம் வாங்கலாமா என்று நீண்ட நேரம் விவாதித்தோம். வாங்க மறுப்பது அவர்களை என்றென்றைக்கும் வாங்குபவர்களாகவே நிறுத்திவிடும் என்று பொருளாளர் சொன்னபோது நான் ஏற்றுக்கொண்டேன்.

ஆனாலும் வன்னியில் பணத்துக்கு ஒரு பருவம் உண்டு. காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் கையில் காசு இருக்கும். பணமாகத் தர இயலாதவர்கள் நெல் மூடை தருவார்கள், அதை ஆலையில் கொடுத்துக் காசாக்கலாம். ஆடி, ஆவணியில் கோயில் திருவிழாக்களுக்கும் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்குமாக லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவுகள் வருவார்கள். அதன் பின் விதைப்பு வந்துவிடும். எல்லோருடைய பணமும் வயலுக்குள் போய்விடும். எங்களுக்கு வேலை மிகும் காலமோ கார்த்திகை, மார்கழிதான், ஏனெனில் மழைச்சேறும் துருவும் அப்போதுதான் சில்லுகளைப் பிடிக்கின்றன. ஆகவே மாசியில் வந்ததை மார்கழி வரை காத்து வைப்பதே எங்கள் நிதித் திட்டத்தின் பெரும்பகுதி. கொடையாளர்களுக்கான கையேடுகளில் இந்தக் கணக்கை நான் கண்டதில்லை. வயல் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும்.

புலம்பெயர்ந்த உறவுகளின் கொடை பெரும்பாலும் ஒரு நாளைச் சார்ந்தது: தந்தையின் ஆண்டுத் திவசம், பிள்ளையின் பிறந்தநாள். அந்த நாளின் பெயரில் ஒரு வீட்டின் நாற்காலியை ஓராண்டுக்குப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்குமாறு கேட்கிறோம். பலர் மனமுவந்து ஏற்றார்கள். ஒருவர், 20 புதிய நாற்காலிகளை மேடை போட்டு, பெறுபவர்களின் படங்களுடன் வழங்க விரும்பினார். அந்தத் தொகையின் பாதியை உதிரிப் பாகங்களாகத் தரும்படியும், படங்களைத் தவிர்க்கும்படியும் எழுதினோம். அவர் அந்தக் கொடையை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டார். எங்கள் நிர்வாக சபையில் ஒருவர் இதனால் மிகவும் வருந்தி இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. அவருடைய வருத்தத்தில் நியாயம் இருந்தது. அந்த 20 பேரில் சிலருக்குப் புதிய நாற்காலி உண்மையாகவே தேவைப்பட்டது. படம் பற்றிய முடிவை நான் இன்றும் மாற்ற மாட்டேன், ஆனால் அந்தக் கடிதத்தை எழுதும் முன் அந்தக் கொடையாளருடன் ஒருமுறை தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும்.

பதிவையும் வங்கிக் கணக்கையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமைப்பின் பெயரில் கணக்குத் திறக்கும் வரை வெளியூர்ப் பணம் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம். தனிப்பட்டவரின் கணக்குக்கு வந்த பணம், எவ்வளவு நேர்மையாகச் செலவிடப்பட்டாலும், பின்னர் கேள்வியாகவே திரும்பி வரும். காசோலைக்கு இரண்டு கையொப்பங்கள் இருக்கட்டும். எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வேலை செய்வீர்கள் என்பதையும் பதிவுக்கு முன்னரே யோசியுங்கள். எங்களுக்கு விசுவமடு முல்லைத்தீவு மாவட்டம், அடுத்திருக்கும் தருமபுரம் கிளிநொச்சி மாவட்டம். அழைப்புகளோ இரு பக்கமிருந்தும் வருகின்றன.

இப்போது எங்கள் கையிருப்பு நான்கு மாதச் செலவுக்குப் போதுமானது. அது ஆறு மாதமாகும்போது முதல் முன்மொழிவை அனுப்பலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். அதன் வரைவில் பெயரிங், ரயர், பெற்றோல் ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். அடுத்த மாசியில் நெல் மூடைகளை ஏற்றிவர ஒரு லாண்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) தருவதாக அயலவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.