காற்றாடிமலையில் அம்மாவின் கை

2022 மே 15 அன்று வத்திக்கானில், பதினெட்டாம் நூற்றாண்டு மறைசாட்சியான தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்ததை அம்மா டிவி முன்னால் கையில் செபமாலையோடு உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கே நேர்ந்துகொண்டார். தம்பிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நாள் குறித்திருந்தது. அது நல்லபடியாக முடிந்தால் செருப்பில்லாமல், அவர் சுடப்பட்ட ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை ஏறி வருகிறேன் என்று நேர்ச்சை. தம்பி எழுந்து நடந்தான், வேலைக்கும் போய்விட்டான். நேர்ச்சை மட்டும் நின்றுபோயிற்று. புனிதரின் திருநாளான ஜனவரி 14 பொங்கல் நேரத்தில் வருகிறது, தூத்துக்குடியில் பஸ்ஸுக்குள் கால் வைக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அதையே சொல்லித் தள்ளினேன். அதற்குள் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. "இனியும் தள்ளினா நான் கடன்காரியாத்தான் சாவேன் ஏட்டி" என்றார். போன ஜூலையில் கிளம்பிவிட்டோம்.

நாகர்கோவில் போகிற வழியிலேயே ஆரல்வாய்மொழி வந்துவிடும். இங்கேயே இறங்கலாம் என்றேன். "பிறந்த ஊரைப் பார்க்காம, செத்த இடத்துக்கு முதல்ல போறதா?" என்று அம்மா மறுத்துவிட்டார். அதனால் முதலில் நட்டாலம். 1712-ல் நீலகண்டன் என்ற பெயரோடு தேவசகாயம் பிறந்த ஊர். அங்கே ஒரு செபமாலை சொல்லிவிட்டுப் புலியூர்க்குறிச்சிக்கு வந்தோம்.

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அம்மாவுக்கு நடக்க முடியாது, நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கல்லில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் அவர். அவரைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கே பிறகு படை பழக்கிக் கொடுத்தார். அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன் ஆடுமாடும் சொத்தும் போய் மனம் உடைந்திருந்தபோது, டிலனாய்தான், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார்.

நான் எங்கள் பங்கில் உறுதிபூசுதல் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். சீடத்துவம் என்ற பாடம் வந்தால் கலிலேயக் கடற்கரையில்தான் தொடங்குவேன். இயேசு கூப்பிட்டதும் பேதுருவும் அந்திரேயாவும் வலையை விட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான், பாடம் நகர்ந்துவிடும். அந்தக் கல்லறை முன்னால் நின்றபோது நீலகண்டனை நினைத்தேன். அவருக்கு அழைப்பு வந்தது கூட வேலை பார்த்த ஒருவர் வாயிலிருந்து. அந்த ஒருவரும் ஊரையும் உறவையும் விட்டு அந்நிய மண்ணில் கைதியாக நின்றவர். துக்கத்தில் இருந்த நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்திலிருந்து ஒரு கதை சொன்னார். நான் யார் பக்கத்திலாவது அப்படி உட்கார்ந்திருக்கிறேனா?

அப்புறம் முட்டிடிச்சான் பாறை. விலங்கோடு இழுத்துவரப்பட்ட தேவசகாயம் தாகத்தில் கைமுட்டியால் இடிக்க, பாறை தண்ணீர் தந்த இடம். அந்தச் சின்னத் துவாரத்தின் முன்னால் அரைமணி நேரம் வரிசை. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு வேன் கூட்டம் கையில் கேனோடு இடித்துக்கொண்டு முன்னே போனது. முட்டி வலியோடு நின்ற அம்மாவுக்கு யாரும் வழிவிடவில்லை. போதாததற்கு, எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் காத்திருந்த நேரத்துக்கென்று பேசியதைப்போல இரண்டு மடங்கு கேட்டார். நான் கத்திவிட்டேன். புனிதரின் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கத்தியது இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் காலை காற்றாடிமலை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. வியாகுல அன்னை ஆலயத்தில் செபித்துவிட்டு அம்மா செருப்பைக் கழற்றினார். பாறை அதற்குள்ளேயே சுட ஆரம்பித்திருந்தது. பத்தடி ஏறுவதும் நிற்பதுமாக, ஒரு கை என் தோளில், மறுகையில் செபமாலை. முந்தானை பறந்து முகத்தை மூடும்போதெல்லாம் நின்றோம். "வேண்டாம்மா, இங்கேயே செபிச்சுக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னேன். பதிலே இல்லை. வாய் மட்டும் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது.

சுடப்படுவதற்கு முன் தேவசகாயம் முழந்தாளிட்டு வேண்டிய இடத்தில் அவருடைய முழங்காலும் கைமுட்டியும் பதிந்த தடம் பாறையில் இருக்கிறது. அம்மாவும் அங்கே முழந்தாளிட வேண்டும் என்றுதான் வந்தார். முடியவில்லை. பாதி மடக்கியதும் வலியில் முகம் கோணிவிட்டது. மெல்ல உட்கார வைத்தேன். உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து, அந்தக் குழியில் உள்ளங்கையை வைத்தார்.

வைத்த கையை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் "சீக்கிரம் அம்மா" என்றார்கள். தட்டினால் மணிபோல ஒலிக்கிற மணியடிச்சான் பாறையை யாரோ கல்லெடுத்துத் தட்ட, அந்தச் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. அம்மாவின் உதடு அசைவது நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வடிந்தது. தம்பிக்காக நன்றி சொல்கிறார் என்று நினைத்து நானும் அழுதேன்.

இறங்கும்போதுதான் சொன்னார். "மைனியை மன்னிச்சிட்டேன்."

அப்பா அடக்கத்தன்று அத்தை சொன்ன ஒரு சொல். பதினோரு வருடம் பேச்சில்லை. ஞாயிறு தவறாமல் திருப்பலி, நற்கருணை, மாதாவுக்கு நவநாள், எல்லாம் உண்டு. அத்தை பெயரை எடுத்தால் மட்டும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். "கேட்டு வாங்க வந்தேன், கேட்கவே தோணல. அவர் காலை வெச்ச இடத்துல கையை வெச்சுக்கிட்டு இன்னும் அதை எப்படிப் பிடிச்சு வெச்சிருக்க?" என்றார்.

சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர இயேசு சொன்னதை மத்தேயுவும் மாற்கும்கூட எழுதியிருக்கிறார்கள். லூக்கா மட்டும் 'நாள்தோறும்' என்ற சொல்லைச் சேர்க்கிறார். எத்தனை தடவை வகுப்பில் வாசித்திருப்பேன்! தேவசகாயம் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றது 1745 மே 14. இந்த மலையில் சுடப்பட்டது 1752 ஜனவரி 14. கிட்டத்தட்ட ஏழு வருடம். 1749-ல் கைதான பிறகு எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டதும், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்ததும், காயத்தில் மிளகு தேய்த்ததும் நமக்கு மனப்பாடம். அதற்கு முந்திய நாலு வருடத்தை யாரும் பேசுவதில்லை. அதே ஊரில், அதே அரண்மனையில் வேலை. சாதி பார்த்துத் தள்ளிவைத்த காலத்தில், எல்லாரும் சமம் என்று சொல்லி எல்லாரோடும் பழகினார். அந்த நாலு வருடத்தில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வளராதவர், மூன்று வருடம் விலங்கைத் தாங்கியிருப்பாரா? அம்மாவுக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. ஆகட்டும்.

கடைசியாகக் கோட்டாறு சவேரியார் பேராலயம். காட்டில் எறிந்த உடலின் எலும்புகளை எடுத்துவந்து அடக்கம் செய்த கல்லறை அங்கே. அம்மா மெழுகுதிரி ஏற்றினார். காற்றில்லாத இடத்தில் அது அசையாமல் எரிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆண்டவரே, தம்பியின் முதுகுக்கு நன்றி. மடங்காத முழங்காலுக்கும் நன்றி, அது மடங்கியிருந்தால் அம்மா கையை வைத்திருக்க மாட்டார். டிலனாய்க்கு நன்றி. நான் கத்திய ஆட்டோக்கார அண்ணனை ஆசீர்வதியும். புனித தேவசகாயமே, என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும், அவர்கள் முன்னால் நிற்கிற எனக்காகவும்.

திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழி தாண்டியதும் அம்மா கேட்டார்: "உன் அத்தை நம்பர் உன்கிட்ட இருக்கா?"

இருந்தது.