சர்வருக்குப் போகாத நாற்பது பக்கங்கள்

நீலகிரி கூடலூரில் ஜூன் மழை பிடித்துவிட்டால் அலமாரிக்குள் இருக்கும் செருப்புக்குக்கூடப் பூஞ்சை வரும். நிருபர் நண்பர் ஒருவர் பத்து வருடமாகச் சேர்த்த காகிதங்களை நான்கு அட்டைப் பெட்டிகளில் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்ததும் அப்படி ஒரு நாளில்தான். ஜெராக்ஸ், பிரிண்ட், லேப்டாப் சர்வீஸ் என் பிழைப்பு.

பெட்டிகளில் இருந்தது முழுக்க ஜன்ம நில விவகாரம், அதாவது ஜமீன் மாதிரி பரம்பரை உரிமையில் இருந்த நிலங்கள். ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழிக்க 1969-ல் சட்டம் வந்தும் முடியாத கதை. நாட்டின் காட்டு நிர்வாகத்தையே புரட்டிப்போட்ட கோதவர்மன் வழக்கு 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் கிளம்பியதும் இந்தப் பக்கத்துக் காட்டை வைத்துத்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல்கள், தீர்ப்புகள், டைப்ரைட்டர் ஆங்கிலம், தமிழ், நடுவில் கொஞ்சம் மலையாளம். கூடவே ஒரு ஹார்டு டிஸ்க்; ஈரம் ஏறி அது செத்தே போயிருந்தது.

"தேடினா கிடைக்கிற மாதிரி பண்ணிக் குடுங்கண்ணா" என்றார்.

ஸ்கேன் செய்து முடித்தபோது 11,000 பக்கங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழும் மலையாளமும் படிக்கும், டைப்ரைட்டர் மை மங்கியிருந்தால் திணறும். வெளிநாடுகளில் பணம் பதுக்கியவர்களைக் காட்டிக்கொடுத்து 2016-ல் வெளியான பனாமா ஆவணங்களை, அதாவது 1.15 கோடிக் கோப்புகளை, அலசிய பத்திரிகையாளர் கூட்டமைப்பும் இதைத்தான் வாடகை சர்வர்களில் ஓட்டியது. என் லேப்டாப்பில் ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் ஆனது. நான்கு நாள் வேலை, அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். மழைக்காலத்தில் கூடலூரில் அது நடக்கிற காரியமா?

இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கிற வேகமான கம்ப்யூட்டர், எட்டு கோர் சர்வர் ஒன்று, மணிக்கு 28 ரூபாய்க்குக் கிடைத்தது. நாலு மணி நேரத்தில் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் சர்வரை நிறுத்த மறந்து ஒன்பது நாள் விட்டுவிட்டேன். பில் ஆறாயிரத்தைத் தாண்டியது. வெயிட்டிங்கில் நிற்கிற டாக்சி மாதிரி, சும்மா இருந்தாலும் மீட்டர் ஓடும். பாதியைத் தருகிறேன் என்றார் நண்பர். என் தப்பு, வாங்கவில்லை. வேலை முடிந்ததும் தானே அணைந்துகொள்ள ஒரு வரி கட்டளை போதும் என்று அப்புறம்தான் கற்றேன். சர்வருக்குக் கோப்புகளை ஏற்றுவதற்குக் காசில்லை, அங்கிருந்து இறக்கத்தான் காசு என்பதும் அந்த பில்லைப் படித்தபோது தெரிந்தது. அதனால் இப்போதெல்லாம் படங்களை அங்கேயே அழித்துவிட்டு எழுத்தை மட்டும் இறக்குகிறேன்.

பாதுகாப்பைப் பற்றி நண்பருக்கு ஒரே நம்பிக்கை: "பூட்டித்தானே அனுப்புறோம்." பூட்டு என்றால் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி கோப்பைக் குறியாக்கம் செய்வது. சேமித்து வைக்கிறவரை அது சரி, பூட்டு நம்முடையது, சாவியும் நம்மிடம். ஆனால் எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால் அந்த சர்வரிலேயே பூட்டைத் திறந்தாக வேண்டும். திறந்திருக்கும் அந்த நாலு மணி நேரத்துக்கு எந்த வாடகைக் கம்பெனியின் வாக்குறுதியையும் நான் முழுதாக நம்பமாட்டேன். அதனால்தான் சர்வருக்கு ஏற்றும் முன்பே பெட்டிகளைப் பிரித்திருந்தோம். யார் கேட்டாலும் கிடைக்கக்கூடிய அரசு நகல்கள் எல்லாம் சர்வருக்கு. ஓய்வுபெற்ற ஒருவர் கொடுத்த நாற்பது பக்கங்கள் மட்டும் பழைய லேப்டாப்புக்கு, அதன் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு. "என் பேர் வந்தா பென்ஷன்ல கை வெச்சிருவாங்க தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். நாற்பது பக்கம்தானே, அரை மணிக்குள் முடிந்துவிட்டது.

அவ்வளவு செய்தும் கோட்டைவிட்டோம். ஒருநாள் மாலை, இணையத்தில் ஏற்றி வைத்திருந்த பேக்கப்பின் பட்டியலைப் பார்க்கிறேன், ஒரு கோப்பின் பெயர் இன்ன சார் சொன்ன ஃபைல் என்று இருக்கிறது. உள்ளே இருந்தது வெறும் அரசு நகல், அதுவும் பூட்டித்தான் இருந்தது. ஆனால் கோப்பின் பெயருக்குப் பூட்டுப் போடவில்லை. எந்த நகலைக் கேட்க வேண்டும் என்று வழிகாட்டியது யார் என்பதை அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரியே அத்தனையையும் அழித்து, பெயரையும் சேர்த்து மறைக்கிற வசதியை ஆர்க்ளோன் என்ற கோப்பு ஏற்றும் மென்பொருளில் போட்டு மறுபடி ஏற்றினேன். விடிந்துவிட்டது.

இப்போது கோப்புகளுக்கு எண் மட்டும்தான். எந்த எண்ணுக்கு யார் என்பது நண்பரின் வீட்டுப் பால் கணக்கு நோட்டில் இருக்கிறதாம். அந்த நோட்டு எங்கே என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.